ரொறன்ரோவில் வீட்டுப் பீலி: ஆள் பிடிப்பது முதல் ஆண்டுப் பராமரிப்பு வரை

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் பக்கம் முதன்முதலாக வீடு வாங்குபவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் எத்தனை வயது என்று கேட்பார்கள். மழைத் தண்ணீரை ஏந்திக் கூரை விளிம்பில் ஓடும் பீலியை அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. பேஸ்மென்ட் சுவரில் ஈரம் ஏறிய பிறகுதான் அதன் நினைப்பு வரும். பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டிருந்தால் அந்த ஈரம் மாத வருமானத்திலும் கைவைக்கும். பீலிக்கு ஆள் பிடிக்கும்போது மனதில் இருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கூரையில் விழும் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரப்போகிறது? அடிக்கு எத்தனை டொலர் என்பது அதற்குப் பிறகு.

தொலைபேசியில் பேசுவதற்கு நாலு சொல் தெரிந்தால் போதும். பீலியை இங்கே ஈவ்ஸ்ட்ராஃப் என்றோ கட்டர் என்றோ சொல்வார்கள். அதிலிருந்து கீழே இறங்கும் குழாய் டவுன்ஸ்பவுட். பீலி பூட்டப்பட்டிருக்கும் விளிம்புப் பலகை ஃபேசியா. கூரை நீட்டத்தின் அடிப்பக்கம் சொஃபிட்.

1. மழைக்குள் ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள்

யாரையும் கூப்பிடும் முன் இதைச் செய்யுங்கள். நல்ல மழை பெய்து கால் மணி நேரம் ஆனதும் குடையோடு வெளியே போய், தண்ணீர் எந்த இடத்தில் தப்புகிறது என்று பாருங்கள். இடத்தைப் பொறுத்து வேலை மாறும், செலவும் மாறும்.

பீலியின் முன்விளிம்பைத் தாண்டி வழிந்தால் பெரும்பாலும் அடைப்பு. சில வேளை சரிவு பிழை. துப்புரவாக்கிய பிறகும் வழிந்தால்தான் பீலியின் அகலத்தையும் குழாய்களின் எண்ணிக்கையையும் பற்றி யோசிக்க வேண்டும். பீலிக்குப் பின்னால், பலகைக்கும் பீலிக்கும் நடுவே வடிந்தால் கூரை விளிம்புத் தகடு இல்லை, அல்லது பீலியின் முதுகு அந்தத் தகட்டுக்குக் கீழே போகவில்லை. பார்வைக்குச் சின்னதாகத் தெரியும் இந்தக் குறைதான் பலகையை உக்க வைப்பது, தள்ளிப்போட வேண்டாம். மூலையிலும் இணைப்பிலும் மட்டும் சொட்டினால் பழைய பசையைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசினால் தீரும். அதற்குப் போய் முழுப் பீலியையும் மாற்றச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

மழை இல்லாத நாளிலும் அடையாளங்கள் இருக்கும். பீலியின் வெளிமுகத்தில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் தெரிந்தால் அங்கே அடிக்கடி வழிகிறது. கூரை விளிம்புக்கு நேர் கீழே மண்ணில் வரிசையாகச் சின்னக் குழிகள் விழுந்து, சிறுகல் மட்டும் மேலே கிடந்தாலும் அதே செய்திதான்.

பலகையைச் சோதிக்க ஒரு ஸ்குரூட்ரைவர் போதும். ஏணியில் ஏறப் பயமாக இருந்தால் மதிப்பீட்டுக்கு வருபவரை உங்கள் கண்முன்னே குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல பலகையில் முனை நிற்கும். உக்கிய பலகையில் ஈரப் பாணுக்குள் போவதுபோல இறங்கும். அலுமினியத் தகடு போர்த்தியிருந்தால் பழைய பீலியைக் கழற்றும்வரை பலகையின் நிலை முழுதாகத் தெரியாது. இதற்கான ஏற்பாட்டை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அது ஆறாவது படியில் வருகிறது.

அளவு நாடாவை எடுத்து, பீலி ஓடும் பக்கங்களின் நீளத்தைத் தரையிலேயே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டவுன்ஸ்பவுட் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை அடி என்பதையும் எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

2. பீலி உங்களுடையதுதானா என்று பாருங்கள்

கொண்டோ முறையில் உள்ள டவுன்ஹவுஸ் என்றால் வெளிப்புறம் பெரும்பாலும் கொண்டோ நிர்வாகத்தின் பொறுப்பு. நீங்கள் காசு கொடுத்து மாற்றிவிட்டுப் பிறகு கேட்டால் திரும்பக் கிடைப்பது கடினம். முகாமையாளருக்கு மின்னஞ்சல் எழுதிப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவரால் பக்கத்து வீட்டோடு ஒட்டிய செமி வீட்டில் பல வேளைகளில் ஒரே பீலி இரண்டு வீட்டுக்கும் சேர்ந்து ஓடும். உங்கள் பாதியை மட்டும் மாற்றினால் நடுவில் ஓர் இணைப்பு வரும், ஒழுக்கும் அங்கேதான் தொடங்கும். பக்கத்து வீட்டாரோடு பேசி இருவரும் சேர்ந்து செய்வது நல்லது.

ரொறன்ரோவில் பீலி மாற்றுவதற்குக் கட்டட அனுமதி தேவையில்லை, தண்ணீர் உங்கள் காணிக்குள்ளேயே வடியும்வரை. அயலவர் காணிக்குள் விடக்கூடாது.

3. டவுன்ஸ்பவுட் நிலத்துக்குள் போகிறதா?

பழைய வீடுகளில் டவுன்ஸ்பவுட் நேரே நிலத்தில் நிற்கும் ஒரு குழாய்க்குள் போய்ச் சாக்கடையோடு சேரும். ரொறன்ரோ நகரம் இதைத் தடைசெய்துள்ளது. கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்த விதி 2016 டிசம்பரிலிருந்து நகரம் முழுவதற்கும் பொருந்துகிறது. துண்டித்தால் ஆபத்து வரும் இடங்களிலும் துண்டிக்கவே முடியாத இடங்களிலும் நகரத்திடம் விலக்குக் கேட்கலாம்.

துண்டிக்கும் வேலை பெரிதல்ல. குழாயை நிலத்துக்கு மேல் வெட்டி, முழங்கை வளைவு போட்டு, நீட்டுக்குழாய் பூட்டி, நிலத்தில் நிற்கும் பழைய குழாயின் வாயை இறுக்கமாக மூட வேண்டும். மூடாமல் விட்டால் மழைத் தண்ணீரும் எலியும் அதற்குள் போகும். இந்த மூடி மதிப்பீட்டில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் சுவரிலிருந்து 2 மீற்றர் தள்ளி விழ வேண்டும். அந்த இடத்திலிருந்து நிலம் வீட்டைவிட்டு வெளிப்பக்கம் சரிந்திருக்கவும் வேண்டும். நடைபாதையிலோ ட்ரைவ்வேயிலோ விட வேண்டாம். பனிக்காலத்தில் அது கண்ணாடிபோல உறையும், யாராவது வழுக்கி விழுந்தால் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில் வரலாம். புல் வெட்டும்போது இடைஞ்சல் என்று பலர் நீட்டுக்குழாயைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். மேலே மடித்து வைக்கக்கூடிய கீல் உள்ள நீட்டுக்குழாய் கேட்டால் அந்தப் பிரச்சினை இல்லை.

நிலத்துக்கு அடியில் குழாய் புதைத்துக் கொண்டுபோவதாகச் சொன்னால், தோண்டும் முன் ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவைக்கு அறிவித்தாக வேண்டும். எரிவாயு, மின் இணைப்புகள் எங்கே ஓடுகின்றன என்று இலவசமாகக் குறித்துத் தருவார்கள். சில வேலைநாட்கள் முன்னதாகவே கேளுங்கள். "அதெல்லாம் தேவையில்லை, ஓரடிதான் தோண்டுவோம்" என்பவரை அனுப்பிவிடுங்கள்.

4. என்ன பொருள், என்ன அளவு

இங்கே வீடுகளுக்கு வழமையாகப் போடுவது 5 அங்குல அலுமினியப் பீலி. வாகனத்திலேயே இயந்திரம் வைத்து, உங்கள் வீட்டு நீளத்துக்கு ஒரே துண்டாக உருட்டி எடுப்பார்கள். இணைப்பு மூலைகளில் மட்டும் வரும். கடையில் விற்கும் 10 அடித் துண்டுகளை ஒட்டிப் போடுபவரைத் தவிருங்கள். ஒவ்வொரு ஒட்டும் நாளைக்கு ஓர் ஒழுக்கு.

தகட்டின் தடிப்பைக் கேளுங்கள். 0.027 அங்குலம், 0.032 அங்குலம் இரண்டும் சந்தையில் உண்டு. பனியும் ஏணியும் தாங்க வேண்டும் என்பதால் 0.032 கேட்பதே சரி. விலை குறைத்துச் சொல்பவர் பெரும்பாலும் குறைப்பது இங்கேயும் கொளுக்கியிலும்தான்.

பீலியைப் பலகையோடு பிடிப்பது உள்ளே மறைந்திருக்கும் கொளுக்கி. அது திருகாணியால் பூட்டப்பட வேண்டும். முன்முகத்திலிருந்து நீள ஆணி அடித்துப் பூட்டும் பழைய முறையில் ஆணி இரண்டு மூன்று பனிக்காலத்தில் மெல்ல வெளியே வரும், பீலி முன்னுக்குச் சாயும். கொளுக்கிகளுக்கு இடையே 24 அங்குலம் விட்டால் 40 அடி நீளத்துக்கு ஏறத்தாழ 20 போதும். 16 அங்குலம் விட்டால் 30 வேண்டும். பத்துக் கொளுக்கியை மிச்சம் பிடித்து விலையைக் குறைப்பது எளிது, அதைக் கீழே நின்று யாரும் காண மாட்டார்கள். ஈரப்பனி மூடும் இந்த ஊரில் 16 முதல் 18 அங்குலம் என்று எழுத்தில் கேளுங்கள்.

சரிவு 10 அடிக்கு கால் அங்குலம். 40 அடிக்கு ஓர் அங்குலம். அதைவிட நீளமான பக்கத்தில் நடுவை உயர்த்தி இரண்டு முனைக்கும் சரித்து, இரண்டிலும் டவுன்ஸ்பவுட் வைக்க வேண்டும்.

டவுன்ஸ்பவுட் 2க்கு 3 அங்குலம், 3க்கு 4 அங்குலம் என்று இரண்டு அளவில் வரும். பெரியதன் வாய்ப்பரப்பு சரியாக இரண்டு மடங்கு. மேப்பிள் மரம் பக்கத்தில் இருந்தால் பெரியதைப் போடுங்கள். இலை சிக்குவது மிகவும் குறையும். கூரை மிகப் பெரியதாகவோ செங்குத்தாகவோ இருந்தால் பீலியும் 6 அங்குலம் தேவைப்படலாம்.

மேல்மாடிக் கூரையின் டவுன்ஸ்பவுட் கீழ்க்கூரை மேல் நேரே கொட்டும்படி விட்டிருந்தால், அந்த இடத்தில் கூரையைப் போர்த்தியிருக்கும் ஷிங்கிள் சீக்கிரம் தேயும். கீழ்க்கூரையின் பீலிவரை குழாயை நீட்டித் தரச் சொல்லுங்கள். சின்ன வேலை, ஆனால் கேட்டால்தான் செய்வார்கள்.

5. மூன்று மதிப்பீடு, ஒரே பட்டியல்

மூன்று பேரிடம் கேளுங்கள், மூவருக்கும் ஒரே விவரத்தைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒப்பிட முடியாத மூன்று விலைகள் வந்து சேரும்.

அடிக்கு இவ்வளவு என்று சொல்லும் விலையில் டவுன்ஸ்பவுட் சேருகிறதா என்பதை முதலில் கேட்க வேண்டும். ஒரு கணக்கு: பீலி 120 அடி, 20 அடியில் 4 டவுன்ஸ்பவுட், ஆக 80 அடி. அடிக்கு 12 டொலர் என்று வைத்தால், 120 அடிக்கு 1,440 டொலர் என்று நீங்கள் மனதில் போட்டு வைத்திருப்பீர்கள். அவர் 200 அடிக்கு 2,400 டொலர் எழுதுவார். அதற்கு மேல் 13 வீதம் எச்எஸ்ரி என்ற விற்பனை வரி 312 டொலர். மொத்தம் 2,712. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, இங்கே வழமையே அதுதான். தெரியாமல் இருந்தால் அதிர்ச்சியாக இருக்கும்.

பழைய பீலியைக் கழற்றி ஏற்றிச் செல்வது, முழங்கை வளைவுகள், மூலை இணைப்பு, நீட்டுக்குழாய், இரண்டாம் மாடிக்கான மேலதிகக் கட்டணம் என்பவற்றைத் தனித்தனியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சின்னத் திருத்தத்துக்குப் பலர் ஒரு குறைந்தபட்சக் கட்டணம் வைத்திருப்பார்கள். ஒரு மூலையை மட்டும் ஒட்ட வைப்பதைவிட, துப்புரவையும் திருத்தத்தையும் சேர்த்துக் கேட்டால் மலிவாக முடியும்.

இலைத்தடுப்பு வலையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பேரம் சூடுபிடிப்பது அதில்தான். துளையிட்ட அலுமினிய வலையை இரண்டு பக்கமும் திருகாணியால் பூட்டினால் பெரிய இலைக்குப் போதும். பைன் ஊசி விழும் வீட்டுக்கு நுண்வலை வேண்டும். பீலிக்குள் திணிக்கும் பஞ்சுக் கட்டிகள் வேண்டாம். அவற்றில் மண் பிடித்து விதை முளைக்கும். எந்த வலை போட்டாலும் மேலே படிவதைத் தட்டிவிட வேண்டும். "வாழ்நாள் முழுக்கத் துப்புரவே வேண்டாம், இன்று கையெழுத்திட்டால் பாதி விலை" என்று வாசலில் நின்று சொல்பவருக்குக் கதவைச் சாத்துங்கள். நாளைக்கும் நிற்கும் விலைதான் விலை.

6. காகிதங்கள்

தெரிந்தவர், ஊர்க்காரர், கோயிலில் பார்த்தவர் என்று வாய்ப்பேச்சில் வேலையை ஒப்படைப்பது எங்கள் மத்தியில் நிறைய நடக்கிறது. நல்லவராகவே இருக்கட்டும், ஏணியிலிருந்து அவருடைய உதவியாள் விழுந்தால் என்ன செய்வீர்கள்? எழுத்து இரண்டு பக்கத்தையும் காக்கும். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

டபிள்யூஎஸ்ஐபி சான்றிதழ்: வேலையிடக் காயத்துக்கான காப்பு. வீட்டுக்காரரிடம் நேரடியாக வேலை எடுத்துத் தனியாகச் செய்பவருக்கு விலக்கு உண்டு. ஆனால் அவர் வைத்திருக்கும் வேலையாட்களுக்கு விலக்கு இல்லை. ஆகவே "எனக்குத் தேவையில்லை" என்று சொல்பவர் இரண்டு உதவியாளோடு வந்து இறங்கினால் அந்தப் பேச்சு செல்லாது. சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகிறதா என்று டபிள்யூஎஸ்ஐபி இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

பொறுப்புக் காப்புறுதி: 20 இலட்சம் டொலருக்குக் கேளுங்கள். அவர் கைபேசியில் காட்டும் படம் போதாது. காப்புறுதி முகவரிடமிருந்து நேரே உங்கள் மின்னஞ்சலுக்கு வர வேண்டும்.

எச்எஸ்ரி எண்: வரி வசூலிப்பவரிடம் எண் இருக்க வேண்டும். கனடா வருமானத் துறையின் பதிவேட்டில் போட்டுப் பார்க்கலாம். வரியில்லாமல் காசாகக் கொடுத்தால் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். ரசீது இல்லாத வேலைக்கு உத்தரவாதமும் இல்லை, பிறகு முறையிடவும் வழியில்லை.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை: நீளம், தகட்டின் தடிப்பு, நிறம், கொளுக்கி இடைவெளி, டவுன்ஸ்பவுட் எண்ணிக்கையும் அளவும், ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தண்ணீர் விடும் என்பது, தொடங்கும் நாள், முடியும் நாள், உத்தரவாத ஆண்டுகள். உத்தரவாதம் பொருளுக்கு மட்டுமா, வேலைக்கும் சேர்த்தா என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஒழுகுவது அநேகமாக வேலைக் குறையால்தான். தகடு தானாக ஓட்டையாவது அரிது.

உக்கிய பலகைக்கு ஒரு வரி கட்டாயம்: "மாற்ற நேர்ந்தால் அடிக்கு இவ்வளவு டொலர், மாற்றும் முன் படம் காட்டி வீட்டுக்காரரின் எழுத்து ஒப்புதல் பெறப்படும்." இந்த வரி இல்லாத இடத்தில்தான் 2,700 டொலர் வேலை பாதியில் 4,000 ஆகும். படத்தில் உங்கள் வீட்டின் சன்னலோ செங்கல்லோ சேர்ந்து தெரிய வேண்டும். வேறு வீட்டுப் பலகையைக் காட்டும் ஆட்களும் இருக்கிறார்கள்.

ஒன்ராறியோ நுகர்வோர் சட்டம் இரண்டு இடத்தில் உங்களுக்குத் துணை நிற்கும். உங்கள் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட, 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே நீக்கலாம். ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை எழுதியிருந்தால், நீங்கள் புதிதாக எதற்கும் ஒப்புக்கொள்ளாதவரை, அதைவிட 10 வீதத்துக்கு மேல் கேட்க முடியாது.

ஒரு நாளில் முடியும் வேலைக்கு 10 வீதத்துக்கு மேல் முற்பணம் தேவையில்லை. மீதியைத் தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள்.

7. வேலை நாளில் பார்க்க வேண்டியவை

ஷிங்கிள் மாற்றும் எண்ணம் இந்த ஆண்டில் இருந்தால் முதலில் கூரை, பிறகு சொஃபிட்டும் ஃபேசியாவும், கடைசியில் பீலி. மாற்றிச் செய்தால் புதுப் பீலியின் மேல் பழைய ஷிங்கிள் விழுந்து நெளியும்.

வீட்டில் இருங்கள். பழைய பீலி கழன்றதும் பலகையைப் பாருங்கள், படம் எடுங்கள். புதுப் பீலியின் முதுகு கூரை விளிம்புத் தகட்டுக்குப் பின்னே போகிறதா என்று பாருங்கள். டவுன்ஸ்பவுட்டைச் சுவரில் பிடிக்கும் பட்டிக்கான துளையைச் செங்கல்லில் போட விடாதீர்கள். இடையில் உள்ள சாந்தில் போட்டால் பிறகு எளிதில் பூசி மூடலாம். உடைந்த செங்கல்லை மூட முடியாது. குழாய்த் துண்டுகளை இணைக்கும் திருகாணி குட்டையாக இருக்க வேண்டும். நீள முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் முதல் இலை அதில்தான் மாட்டும், அடுத்தது அதன் மேல்.

பசை பூசிய இடம் காய்ந்த பிறகு தோட்டக் குழாயால் சோதனை. பீலியின் உயர்ந்த முனையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒவ்வொரு மூலையையும் முனை மூடியையும் கீழிருந்து பாருங்கள். நிறுத்திய பிறகு உள்ளே எங்கும் குளம்போல நிற்கக்கூடாது. மெல்லிய ஈரம் இருந்தால் குறையல்ல. அன்றைக்கே சோதிக்க முடியாவிட்டால் கடைசித் தவணையை அடுத்த நாளுக்கு வையுங்கள்.

8. ஆண்டுப் பராமரிப்பு

ஆண்டுக்கு இரண்டு துப்புரவு. ஒன்று ஜூன் தொடக்கத்தில், மேப்பிள் விதைகள் சுழன்று விழுந்து முடிந்த பிறகு. மற்றது நவம்பர் பிற்பகுதியில், மரம் முழுதாக இலை கொட்டிய பிறகு, தண்ணீர் உறையும் முன். அக்டோபர் நடுவில் செய்தால் மீதி இலை அத்தனையும் திரும்ப விழும், காசு வீண். நவம்பரில் எல்லோரும் ஒரே வாரத்தில் கூப்பிடுவார்கள் என்பதால் அக்டோபர் தொடக்கத்திலேயே நாள் குறித்து வைத்துவிடுங்கள். புதுப் பீலி பூட்டுவதற்கு மே முதல் செப்டம்பர்வரை நல்ல காலம்; குளிரிலும் ஈரத்திலும் பசை சரியாகப் பிடிக்காது.

துப்புரவுக்கு வருபவரிடம் மூன்று விடயம் கேளுங்கள். குப்பையைக் கையால் அள்ளிப் பையில் போடுவாரா? ஒவ்வொரு டவுன்ஸ்பவுட்டிலும் தண்ணீர் விட்டுக் காட்டுவாரா? முன்னும் பின்னும் படம் தருவாரா? ஊதுகருவியால் ஊதிவிட்டுப் போனால் மேலிலை பறக்கும், அடியில் படிந்த சேறு அப்படியே கிடக்கும். பாதி டவுன்ஸ்பவுட்டுக்குள் போய் அடிவளைவில் கட்டியாகும். அந்த வளைவின் திருகாணியைக் கழற்றினால் விதையும் ஷிங்கிள் மணலும் ஒட்டிய கறுப்புக் கட்டி வெளியே வரும். அதில் மணல் மிகுதியாக இருந்தால் கூரைக்கு வயதாகிவிட்டது என்று பொருள், கூரைக்காரரிடமும் காட்டுங்கள்.

பனிக்காலத்தில் பீலியில் தடித்த ஐஸ் தொங்கினால் பீலிக்காரரைக் குறைசொல்வதில் பயனில்லை. வீட்டுச் சூடு கூரைக்கு அடியில் உள்ள மேற்தட்டுக்குள் கசிந்து கூரைப் பனியை உருக்குகிறது. உருகியது குளிர்ந்த விளிம்பில் வந்து மறுபடி உறைகிறது. அதற்கு மருந்து மேற்தட்டின் வெப்பக்காப்பும் காற்றோட்டமும். சுத்தியலால் ஐஸை உடைக்க வேண்டாம், பீலி நெளியும், ஷிங்கிளும் உடையும். உப்பும் போட வேண்டாம், அலுமினியத்தை அரிக்கும்.

ஒவ்வொரு துப்புரவின் ரசீதையும் படத்தையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். பேஸ்மென்ட்டுக்குள் தண்ணீர் வந்து காப்புறுதியிடம் போகும் நாளில் வீட்டைப் பராமரித்தீர்களா என்று கேட்பார்கள். வெளியிலிருந்து நிலத்தின் மேலாக வரும் வெள்ளத்துக்கான காப்பு பல திட்டங்களில் தனியாகச் சேர்க்க வேண்டியது. உங்கள் பத்திரத்தில் அது இருக்கிறதா என்று முகவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.